மார்ஃபினை முறிக்கும் மருந்து: வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

காவிரிப் பாசன ஊர் ஒன்றிலிருந்து 39 வயது வாசகி எழுதிய கடிதம் இது. அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 68. புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை எடுத்துவந்தார். அந்த அளவில் ஐந்து வாரம் நன்றாகவே போயிருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். பிறகு மூன்று நாளாகத் தூக்கம் கூடிக்கொண்டே போனது. தட்டில் கை வைத்தபடியே கண் அயர்ந்தார். கையும் காலும் அவ்வப்போது வெட்டி வெட்டி இழுத்தன. சிறுநீர் குறைந்தது. நான்காம் நாள் விடியற்காலையில் எவ்வளவு எழுப்பியும் எழவில்லை.

பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது மூச்சு நிமிடத்துக்கு ஆறுதான். கேஷுவாலிட்டி மருத்துவர் அப்பாவின் கண்மணியைப் பார்த்துவிட்டு, மார்ஃபினை முறிக்கும் நலாக்சோன் ஊசி ஒரு ஆம்ப்யூலை நரம்பில் போட்டிருக்கிறார். இரண்டு நிமிடத்துக்குள் அப்பா கண் விழித்து, வலி தாங்காமல் அலறியிருக்கிறார். வியர்த்துக் கொட்டியது, நடுங்கினார், வாந்தி எடுத்தார். ஒன்றரை மணி நேரத்தில் மறுபடியும் மயக்கம். பக்கவாதமோ என்று எல்லோரும் பயந்தார்கள். மீண்டும் ஊசி, பிறகு இரண்டு நாள் ஐ.சி.யூ. இப்போது வீட்டில் இருக்கிறார். மார்ஃபின் நிறுத்தப்பட்டுவிட்டது. வலி பழையபடி வந்துவிட்டது.

அவர் கேட்பவை: அந்த ஊசி அப்பாவுக்குக் கெடுதல் செய்துவிட்டதா? மார்ஃபினைச் சுத்தமாக வெளியேற்றிய பிறகும் ஏன் மறுபடி மயங்கினார்? நடுங்கியதைப் பார்த்தால் அப்பா அடிமையாகிவிட்டாரா? நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி இதே மருந்தை மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். அதை வைத்துக்கொண்டு, தூக்கம் கூடும்போதெல்லாம் அடித்துவிட்டு மார்ஃபினைத் தொடரலாமா? கடைசியாக ஒன்று: குடியை நிறுத்துவதற்காகச் சித்தப்பா நால்ட்ரெக்சோன் மாத்திரை சாப்பிடுகிறார். “இதுவும் அதே வகைதான். அடுத்த தடவை அரை மாத்திரை கொடுத்தால் போதும்” என்கிறார். அவருடைய அட்டையும் அப்பாவின் மருந்தும் ஒரே பிஸ்கட் டப்பாவில்தான் இருக்கின்றன.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றவை ஒருநாள் காத்திருக்கலாம். இது காத்திருக்கக் கூடாது.

அந்தப் பிஸ்கட் டப்பா

சித்தப்பாவின் மாத்திரையை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றுங்கள். அப்பாவுக்கு அதில் கால் மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது. சித்தப்பா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. நால்ட்ரெக்சோனும் நலாக்சோனும் ஒரே குடும்பம்தான். ஆனால் நலாக்சோனின் வேலை ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரத்தில் தணிந்துவிடும். நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு நாள் முழுவதும், சில சமயம் அதற்கு மேலும் பிடித்து வைத்துக்கொள்ளும். மார்ஃபினில் பழகிய உடம்பில் அது போனால், அன்று இரண்டு நிமிடத்தில் நீங்கள் பார்த்த அலறலும் நடுக்கமும் ஒரு பகல், ஓர் இரவு நீடிக்கும். அந்த நேரத்தில் வலிக்கு என்ன கொடுத்தாலும் சரியாக ஏறாது. கொடுத்ததைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. அபின் வகை மருந்தில் இருப்பவருக்கு நால்ட்ரெக்சோன் தொடங்குவதானால் குறைந்தது 7 முதல் 10 நாள் இடைவெளி விட்ட பிறகே தொடங்குவார்கள்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எந்த மாத்திரையையும் போடக் கூடாது, புரை ஏறும்.

சித்தப்பாவைக் குறை சொல்ல வேண்டாம். குடியை விட மருந்து சாப்பிடுகிறார் என்பது நல்ல செய்தி. அவரிடமும் ஒன்று சொல்லுங்கள்: விபத்தோ அறுவை சிகிச்சையோ நேர்ந்தால், தான் நால்ட்ரெக்சோன் எடுப்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அவருக்குப் போடும் வலி ஊசி ஏன் கேட்கவில்லை என்று யாருக்கும் புரியாது.

ஊசி மார்ஃபினை வெளியேற்றவில்லை

கடிதத்தில் இரண்டு இடத்தில் “சுத்தமாக வெளியேற்றிய பிறகும்” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை மட்டும் சொல்வானேன், பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நலாக்சோன் மார்ஃபினை அழிப்பதும் இல்லை, சிறுநீரில் தள்ளுவதும் இல்லை.

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புச் செல்களின் மேல் மியூ ஏற்பிகள் என்று சில இடங்கள் உண்டு. மார்ஃபின் அங்கே உட்கார்ந்தால் வலி அடங்கும், தூக்கம் வரும். அளவு மிஞ்சினால், மூளைத் தண்டில் மூச்சை ஓட்டும் பகுதி மந்தமாகிவிடும். நலாக்சோன் அதே இடத்தை மார்ஃபினைவிட இறுக்கமாகப் பிடிக்கும்; பிடித்துக்கொண்டு ஒன்றும் செய்யாது. கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் போலத்தான். துண்டு பயணம் செய்யப் போவதில்லை, ஆனால் அது கிடக்கும்வரை வேறு யாரும் உட்கார முடியாது. மார்ஃபின் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. ரத்தத்தில் நின்றுகொண்டேதான் இருக்கிறது. துண்டை எடுத்ததும் மறுபடி உட்கார்ந்துவிடும்.

உங்கள் அப்பா ஒன்றரை மணி நேரத்தில் திரும்பவும் மயங்கியதற்கு இதுதான் காரணம். நரம்பில் போட்ட நலாக்சோன் ஓரிரு நிமிடத்தில் வேலை தொடங்கும். கல்லீரல் அதை வேகமாகச் செயலிழக்கச் செய்துவிடுவதால், ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். வாய்வழி கொடுத்தால் பயன் இல்லாததற்கும் கல்லீரல்தான் காரணம். விழுங்கியதில் நூற்றில் இரண்டு பங்குகூட ரத்தத்துக்குத் தப்பி வராது. மார்ஃபினோ, அதிலும் சிறுநீரகம் சரியில்லாதவர் உடம்பில், பல மணி நேரம் தங்கும். அதனால்தான் ஊசி போட்டுக் கண் விழித்தவரை உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மறுபடி மறுபடி ஊசியோ, ட்ரிப்பில் சொட்டுச் சொட்டாகவோ தேவைப்படும். உங்கள் அப்பாவை ஐ.சி.யூ.வில் இரண்டு நாள் வைத்திருந்தது வீண் செலவு என்று உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வீண் செலவு இல்லை.

இந்த மருந்தைப் பற்றி ஒரு சிறு பழங்கதை. 1960-களுக்கு முன் இதே வேலைக்கு நாலார்ஃபின் என்றொரு மருந்து இருந்தது. அது மார்ஃபினை முறிக்கும். ஆனால் தன் பங்குக்குக் குழப்பத்தையும் கிலியையும் உண்டாக்கும், மூச்சைக்கூட மந்தமாக்கும். நலாக்சோனின் பெருமை, தனக்கென்று எந்தச் செயலும் இல்லாமல் இருப்பது. 1961-ல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டு, 1971-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடம்பில் மார்ஃபின் வகை எதுவும் இல்லாதவருக்குப் போட்டால் பொதுவாக ஒன்றும் நடக்காது. அதே காரணத்தால் அதற்கு எல்லையும் உண்டு. தூக்க மாத்திரையாலோ மதுவாலோ வந்த மயக்கத்தை அது தொடாது. டிரமடால் என்ற வலி மருந்தை அரைகுறையாகத்தான் முறிக்கும். புப்ரினார்ஃபின் என்ற இன்னொரு மார்ஃபின் வகை மருந்து ஏற்பியை இறுக்கிப் பிடிப்பதால், அதை அசைக்க நிறைய மருந்து வேண்டியிருக்கும்.

அலறல் எங்கிருந்து வந்தது?

ஊசி புதிதாக எந்த வலியையும் உண்டாக்கவில்லை. ஐந்து வாரமாக மார்ஃபின் மூடி வைத்திருந்த எலும்பு வலி ஒரே நொடியில் திறந்துகொண்டது. மூச்சை மந்தமாக்கும் ஏற்பியும் வலியை அடக்கும் ஏற்பியும் ஒரே வகை. முழு ஆம்ப்யூலைப் போட்டால் இரண்டிலிருந்தும் மார்ஃபின் எழுந்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. புற்றுநோய் வலிக்காக வாரக்கணக்கில் மார்ஃபின் எடுப்பவருக்கு, 0.4 மில்லிகிராம் கொண்ட ஆம்ப்யூலை 10 மில்லி லிட்டராக உப்புநீரில் கலக்கி, அரை மில்லி அல்லது ஒரு மில்லியாக, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றுவதே நோய்த்தணிப்பு மருத்துவர்களின் வழக்கம். ஒவ்வொரு முறையும் மூச்சை எண்ணிப் பார்ப்போம். நிமிடத்துக்கு எட்டுக்கு மேல் வந்து, ஓரளவு அசைந்தால் நிறுத்திவிடுவோம். மூச்சு திரும்பினால் போதும், முழுக்க விழிக்க வேண்டிய அவசியம் இல்லை. வலி நிவாரணத்தில் ஒரு பகுதியாவது மிஞ்சும்.

அதற்காக அந்தக் கேஷுவாலிட்டி மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். மூச்சு ஆறாக இருக்கும் ஒருவரை விடியற்காலையில் கொண்டுவந்து போடுகிறீர்கள். எவ்வளவு விழுங்கினார், தற்கொலை முயற்சியா என்பது எதுவும் அவருக்குத் தெரியாது. கண்மணி குண்டூசி முனையாக இருக்கிறது. உயிரைக் காப்பாற்றியிருக்கிறார். வழக்கு போடலாமா என்று தம்பி கேட்பதை ஓரமாக வைத்துவிட்டு, அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அடுத்த சிகிச்சைக்கு அதுதான் உதவும்.

வியர்வை, நடுக்கம், வாந்தி பற்றி: சில வாரங்கள் மார்ஃபின் எடுத்த யாருக்கும், அதைச் சட்டென்று பிடுங்கினால் இப்படித்தான் ஆகும். எனக்கானாலும் ஆகும். உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கிறது என்பதற்கு மேல் இதற்கு அர்த்தம் இல்லை. வலி இல்லாதபோதும் மருந்தைத் தேடி அலைவது, ஒளித்து வைத்துக் கூடுதலாக விழுங்குவது, அதற்காகப் பொய் சொல்வது, இவை இருந்தால் அடிமைத்தனம் என்று யோசிக்கலாம். உங்கள் அப்பாவோ, வலி குறைந்தபோது திண்ணைக்கு வந்து செய்தித்தாள் படித்தவர்.

ஐந்து வாரம் ஒத்துக்கொண்ட அளவு திடீரென்று ஏன் மிஞ்சியது?

என் பார்வையில் கடிதத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது. நீங்கள் கேட்கவே இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலில் கிரியேட்டினின் 3.1 என்று இருக்கிறது. சிறுநீரகம் சுணங்கினால் ரத்தத்தில் ஏறும் கழிவுப் பொருள் அது. இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த அறிக்கையில் 1.1. முட்டி வலிக்காகக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் பத்து நாளாகச் சாப்பிட்டார் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள்.

மார்ஃபினைக் கல்லீரல் இரண்டு மூன்று பொருள்களாக மாற்றுகிறது. அவற்றில் மார்ஃபின்-6-குளுகுரோனைடு என்பது மார்ஃபினைப் போலவே வேலை செய்யக்கூடியது. அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். சிறுநீரகம் சுணங்கினால் ஒவ்வொரு வேளை மாத்திரையின் மிச்சமும் அடுத்த வேளையோடு சேரும். அளவு மாறாமலே நஞ்சாகும். கை கால் வெட்டி இழுத்ததும் பகல் தூக்கம் கூடியதும் அதன் முன்னறிவிப்புகள்.

டைக்ளோஃபினாக் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். 68 வயதில், சரியாகச் சாப்பிடாத உடம்பில், அது போதும். ஆனால் உங்கள் அப்பாவின் நோய் புராஸ்டேட்டில். வீங்கிய சுரப்பி சிறுநீர்ப் பாதையை அடைத்திருக்கலாம். சிறுநீர் குறைந்தது அதனாலும் இருக்கலாம். அல்ட்ராசவுண்டு எடுத்ததாகச் சம்மரியில் இல்லை. இந்த வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். அடைப்பு இருந்தால் சிறுநீர்க் குழாய் போடுவது போன்ற வழிகளால் கிரியேட்டினின் நன்றாக இறங்க வாய்ப்பு உண்டு. டைக்ளோஃபினாக்கை இனி வாசலுக்குள் விடாதீர்கள்.

தம்பி அனுப்பும் ஸ்பிரே

தம்பியின் அக்கறை புரிகிறது. அவர் இருக்கும் நாட்டில் அந்த ஸ்பிரேயை 2023 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். காரணம், அங்குள்ள நிலைமை. மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஃபென்டனில் கள்ளச்சந்தையில் புழங்குவதால் தெருவிலும் கழிப்பறையிலும் ஆட்கள் மூச்சு நின்று கிடக்கிறார்கள். 2021-ல் எல்லாப் போதைப் பொருள்களும் சேர்ந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. ஓவர்டோஸை நேரில் காண நேரிடக்கூடியவர்கள் கையில் நலாக்சோன் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2014-ல் பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரை.

உங்கள் வீட்டுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஒருமுறை அழுத்தினால் மூக்குக்குள் போவது 4 மில்லிகிராம். அதில் பாதி அளவு உடம்பில் சேர்வதாகக் கொண்டால், தசையில் ஏறத்தாழ 2 மில்லிகிராம் ஊசி போட்டதற்குச் சமம். அன்று மருத்துவமனையில் முதல் தடவை போட்டது 0.4. அதற்கே அப்பா எப்படித் துடித்தார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் நீங்கள். கலக்கிச் சிறிது சிறிதாகக் கொடுப்பதற்கு ஸ்பிரேயில் வழியில்லை. பகலில் சற்று அதிகம் தூங்குகிறார் என்பதற்காக அதை அடிப்பது சிகிச்சை ஆகாது, சித்திரவதை. திடீர் வலியோடு ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் எகிறும். அரிதாக நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே “அடித்துக்கொண்டே மார்ஃபினைத் தொடரலாமா” என்ற கேள்விக்கு என் பதில்: கூடாது.

அப்படியானால் வேண்டவே வேண்டாமா? நான் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல மாட்டேன். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் பேரக்குழந்தைகள் இருக்கிறார்கள். தாத்தாவின் மாத்திரையை ஒரு குழந்தை விழுங்கினால், அந்த ஸ்பிரே ஓர் உயிர். அப்பாவுக்கு மருந்து எழுதும் மருத்துவரிடம் காட்டி, அவர் சம்மதத்தோடு, எப்போது அடிக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வைத்திருங்கள். வெயில் படாத இடத்தில் இருக்கட்டும். 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறது அட்டைப்பெட்டி, உங்கள் ஊர் சித்திரை வெயிலுக்கு அடுக்களை அலமாரி சரிப்படாது.

மார்ஃபினை அடியோடு விட வேண்டுமா?

வேண்டியதில்லை. அதே அளவில், அதே இடைவெளியில் நீங்களாகத் தொடங்கவும் கூடாது. கிரியேட்டினின் இறங்கியிருந்தால், அளவைக் குறைத்து, இடைவெளியை ஆறு அல்லது எட்டு மணி நேரமாக நீட்டி மறுபடி ஆரம்பிக்கலாம். இறங்கவே இல்லையென்றால், சிறுநீரகத்தை அவ்வளவாக நம்பியிராத ஃபென்டனில் ஒட்டுப்பட்டைக்கு மாற்றுவது பாதுகாப்பு. மூன்று நாளுக்கு ஒரு பட்டை. அதன்மேல் வெந்நீர் ஒத்தடம் வைத்தால் மருந்து வேகமாக ஏறிவிடும், கவனம். முதுகெலும்பு வலிக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் மருந்தின் தேவையே குறையக்கூடும். இதுவரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மருந்துக்கடைக்காரர் “இது போலீஸ் கேஸ்” என்று பயமுறுத்தியதையும் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர் சீட்டின்படி நோயாளிக்காக மார்ஃபின் வைத்திருப்பது குற்றம் ஆகாது. போதைப் பொருள் தடுப்புச் சட்டம் 2014-ல் திருத்தப்பட்டதே, வலியில் இருப்பவர்களுக்கு இத்தகைய மருந்துகள் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். சீட்டை மாத்திரையோடு சேர்த்தே வையுங்கள். மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணி, கொடுத்த மருத்துவமனையிலேயே காட்டுங்கள்; அக்கம்பக்கத்தில் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

கண்மணியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மார்ஃபின் எடுக்கும் எல்லோருக்கும் அது சுருங்கித்தான் இருக்கும். தூக்கத்தைப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள். கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிடம், நெஞ்சு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று.

பேர் சொல்லித் தோளைத் தட்டினால் விழித்துப் பேசுகிறார், மூச்சு பத்துக்கு மேல் என்றால் அவசரம் இல்லை. அடுத்த வேளை மருந்தை நிறுத்தி வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். கை கால் வெட்டி இழுத்தாலும் அப்படியே. தட்டியும் எழவில்லை, மூச்சு எட்டுக்குக் கீழ், உதடு நீலம் பாய்கிறது என்றால் 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் இந்த நிலையில்தான் ஸ்பிரே: ஒரு மூக்குத் துவாரத்தில் ஒரே ஒரு முறை. விழித்துக்கொண்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்; ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். போனதும் “புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுக்கிறார், சிறுநீரகம் சரியில்லை, நலாக்சோனைக் கலக்கிச் சிறிது சிறிதாகக் கொடுங்கள்” என்று தயங்காமல் சொல்லுங்கள். மகள் சொல்லிக் கேட்பார்களா என்று நினைக்க வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் இதையே அவருடைய தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் கேட்பார்கள்.

இன்னொரு நிலைமையைச் சொல்லாமல் விட முடியவில்லை. நோய் முற்றி, கடைசி நாள்களில் மூச்சு தானாகவே தாளம் தப்பும்; சற்று நின்று, மறுபடி வரும். கைகால் குளிர்ந்துபோகும். அது மருந்தின் மிகையால் வருவது இல்லை. அப்போது நலாக்சோன் கொடுத்தால் உயிர் மீளாது, வலி மட்டும் மீளும். இப்போது உங்கள் அப்பா அந்தக் கட்டத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அந்த நாள் வரும்போது மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா, வீட்டிலேயே வலியில்லாமல் இருக்க வேண்டுமா என்பதை அப்பா தெளிவாகப் பேசும்போதே அவரிடம் கேட்டு வையுங்கள். அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்பு சிகிச்சை தரும் செவிலியர்கள் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள். வலி மறுபடி வந்துவிட்டதால் அல்ட்ராசவுண்டுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நாளைக்கே பழைய மருத்துவரிடம் போங்கள். போகும்போது பழைய, புதிய கிரியேட்டினின் அறிக்கைகள் இரண்டும், டிஸ்சார்ஜ் சம்மரியும், டைக்ளோஃபினாக்கின் காலி அட்டையும் பையில் இருக்கட்டும்.